திக்கிய நாக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

படிக்கப்போன பையன் விடுமுறைக்கு ஊர் திரும்புகிறான். உறவுக்காரர்களிடம் பேச வாயெடுத்தால் தாய்மொழி திக்குகிறது. கேலி செய்கிறார்கள். இனி ஒழுங்காகச் செக் மொழி பேசுவேன் என்று அந்த வெட்கத்தில் முடிவெடுத்தானாம். யோசெஃப் யுங்மனைப் பற்றி இப்படிச் சொல்வார்கள்.

1773-ல், இன்றைய செக் நாட்டிலுள்ள பொஹீமியாவின் ஹுட்லிட்சே கிராமத்தில் பிறந்தவர். அப்பா செருப்புத் தைப்பார், ஊர்த் தேவாலயத்தில் கோயில்பிள்ளை வேலையும் பார்ப்பார். வீட்டில் செக், பள்ளியில் ஜெர்மன். ஆட்சி ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் மன்னர்களுடையது. படித்தவர் என்றால் ஜெர்மனில் எழுதுவார், அவ்வளவுதான். செக் மொழிக்கு இலக்கணம் எழுதிய பேரறிஞர் டொப்ரோவ்ஸ்கிகூட அதை ஜெர்மனில்தான் எழுதினார். செக்கில் இனி உயர்ந்த இலக்கியம் வருமா என்பதே அவருக்குச் சந்தேகம்.

யுங்மன் 1799-ல் லிட்டோமெர்ஜிட்சே நகரில் பள்ளி ஆசிரியரானார். சம்பளம் வாங்காமல் அங்கே செக் மொழியும் சொல்லிக்கொடுத்தார். சரி, இந்த மொழியால் எதைச் சொல்ல முடியும் என்று கேட்பவர்களுக்கு என்ன பதில்? அவர் வாதாடியும் பார்த்தார். 1806-ல் ஒரு பத்திரிகையில் செக் மொழி பற்றி இரண்டு உரையாடல்கள் எழுதினார். ஆனால் உண்மையான பதில் 1811-ல் வந்தது. ஆங்கிலக் கவிஞர் மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ காவியம் முழுவதையும் செக்கில் பெயர்த்துவிட்டார். சந்தையிலும் சமையலறையிலும் புழங்கிய மொழியில் தேவதூதர்களும் சாத்தானும் பேசினார்கள்!

சொல் போதாத இடத்தில் என்ன செய்தார்? பழைய நூல்களைத் துழாவினார். கிடைக்காவிட்டால் ஜெர்மனிடம் போகாமல் போலிஷ், ரஷ்யன் என்று சொந்தக்கார மொழிகளிடம் கடன் வாங்கினார். காற்றுக்கு ‘வ்ஸ்துக்’, இயற்கைக்கு ‘ப்ர்ஷீரொதா’ என்பார்கள் செக் மக்கள். என் நாக்குக்கு வந்தபடி சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் அந்தக் காலத்தில் அப்படி வந்து ஒட்டிக்கொண்டவைதான். எதிர்ப்பும் இருந்தது. அந்த உரையாடல்களை வெளியிட்ட பத்திரிகையாசிரியர் யான் நெயெட்லியே பின்னால் இந்தப் புதுச்சொற்களை எதிர்த்தார்.

1825-ல் செக் இலக்கிய வரலாறு எழுதினார். அப்புறம் 1834 முதல் 1839 வரை ஐந்து தொகுதிகளாகச் செக்-ஜெர்மன் அகராதி, சுமார் 1,20,000 தலைச்சொற்களோடு. மொழிபெயர்க்கும்போது தட்டுப்பட்ட பள்ளங்களை நிரப்பத்தான் இத்தனை சொற்களையும் சேர்த்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

குறையும் உண்டு. 1817-லும் 1818-லும் ‘பழங்காலச் செக் கவிதைகள்’ என்று இரண்டு ஏட்டுக் கட்டுகள் வெளிப்பட்டன. 1818-ல் வந்தது போலி என்று டொப்ரோவ்ஸ்கி துணிந்து சொன்னார். யுங்மனோ அதற்கு வக்காலத்து வாங்கினார். உண்மையில் இரண்டு கட்டுகளுமே போலி. சொல்லை அவ்வளவு நுணுக்கமாக எடைபோட்டவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? ஆசை கண்ணை மறைத்திருக்க வேண்டும்.

1840-ல் பிராக் பல்கலைக்கழகத்தின் தலைவர் பதவி அவரைத் தேடி வந்தது. 1847 நவம்பரில் காலமானார். தன் நாட்டு வரலாற்றை ஜெர்மனில் எழுதத் தொடங்கியிருந்த பலாட்ஸ்கி, மறு ஆண்டே அதைச் செக்கில் வெளியிட ஆரம்பித்தார்.

வணக்கம்.