வலப்பக்கம் விலகும் தோட்டா

நேயர்களுக்கு வணக்கம். ரைஃபிள் சுடுதல் என்றதும் நம் ஊர்க்காரர் பலருக்கு நினைவுக்கு வருபவர், சென்னையில் பிறந்த ககன் நாரங். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அவர் வெண்கலம் வென்றது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். நான் இன்று பேசப்போகும் சிக்கல் அந்தத் தூரத்தில் கிடையாது. 50 மீட்டரிலும் அதைப் பொருட்படுத்த வேண்டாம். 800, 900, 1000 கெஜம் என்று சுடுகிற பால்மா போட்டிகளில்தான் அது தலைகாட்டும். காற்றே இல்லை, கையும் கண்ணும் சரியாக இருக்கின்றன, ஆனாலும் தோட்டா மையத்துக்கு ஒரு சாண் வலப்பக்கம் போய்ப் பாயும். இதுதான் ஸ்பின் டிரிஃப்ட், அதாவது சுழல் விலகல்.

வியாசர்பாடியில் பந்தாடும் பிள்ளைகளிடம் சொன்னால், "ஃப்ரீ கிக் வளையுற மாதிரியா சார்?" என்று உடனே கேட்பார்கள். நல்ல கேள்வி. பந்தை வளைக்கும் விசைக்குப் பெயர் தந்த மாக்னஸ் என்ற ஜெர்மன் அறிஞர் 1852-இல் ஆராய்ந்ததே குண்டுகளின் விலகலைத்தான். ஆனால் இங்கே முக்கியக் காரணம் வேறு. வளையும் பந்து, போகும் திசைக்குக் குறுக்கான அச்சில் சுழல்கிறது. தோட்டா, போகும் திசையையே அச்சாக வைத்துச் சுழல்கிறது. குழலுக்குள் வெட்டிய சுருள் பள்ளங்கள் தரும் சுழற்சி அது. 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற குழலிலிருந்து விநாடிக்கு 2600 அடி வேகத்தில் கிளம்பினால், விநாடிக்கு 3000 சுற்றுக்கு மேல்!

புவியீர்ப்பால் பாதை கீழே வளைகிறது. சுழலும் மூக்கு உடனே குனிவதில்லை. அதனால் எதிர்க்காற்று அடியிலிருந்து மூக்கை மேலே தள்ளப் பார்க்கும். வேகமாகச் சுழலும் பொருளை ஒரு பக்கம் தள்ளினால், அது அதற்குச் செங்கோணமான பக்கம் திரும்பும். ஆகவே வலம்புரிக் குழலிலிருந்து, அதாவது பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள்போல் வலமாகச் சுழற்றும் பள்ளங்கள் கொண்ட குழலிலிருந்து, வந்த தோட்டாவின் மூக்கு மிக மிகச் சிறிதளவு வலப்பக்கம் திரும்பியே பறக்கிறது. அப்புறம் காற்று அதை அந்தப் பக்கமே ஒதுக்கிக்கொண்டு போகும். இடம்புரிக் குழலில் எல்லாம் தலைகீழ். நம் போலீஸார் நெடுங்காலம் ஏந்திய .303 லீ-என்ஃபீல்டு இடம்புரிதான்.

இந்த விலகல் பறக்கும் நேரத்தைப் பொறுத்தது. கிட்டத்தட்ட நேரத்தின் வர்க்கம்போல் ஏறும். .308 வின்செஸ்டர் வகை ரைஃபிளில் 175 கிரெய்ன் (சுமார் 11 கிராம்) தோட்டாவுக்கு 300 மீட்டரில் 2 செ.மீ. அளவில் இருப்பது, 1000 கெஜத்தில் 20 முதல் 25 செ.மீ. ஆகிவிடும். ஸ்கோப்பின், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியின், திருகை ஒரு கிளிக் திருப்பினால் குறி தூரத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு (0.1 மில்) நகரும்; அங்கே அது 9 செ.மீ. சரி, இடப்பக்கம் 2 கிளிக், சில தோட்டாக்களுக்கு 3. திருத்தம் அவ்வளவுதான்.

மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் குறுக்குக்காற்றைத் தவறாகக் கணித்தாலே இதே அளவு பிசகும், இதை ஏன் தனியாகப் பார்க்க வேண்டும் என்று அனுபவசாலிகளே கேட்கிறார்கள். நான் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். இடமிருந்து வரும் காற்றோடு இந்த விலகல் சேர்ந்துகொள்ளும், காற்று பலமானது என்று குறிப்பேட்டில் எழுதுவீர்கள். வலமிருந்து வரும் காற்றை இது குறைத்துக் காட்டும், லேசானது என்று எழுதுவீர்கள். காசிமேட்டு மீனவர்கள் கொண்டலையும் வாடையையும் உடம்பில் பட்டதுமே பிரித்தறிவார்கள். சுடுபவருக்கும் அந்த நுட்பம் வேண்டும். மாறாத விலகலை முதலில் கழிக்காமல் போனால், எத்தனை ஆண்டு சுட்டாலும் காற்றைத் தப்பாகவே கற்றுக்கொள்வோம்.

பூமி சுழல்வதால் வரும் விலகலையும் கேட்பார்கள். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், 1000 கெஜத்தில் பக்கவாட்டில் அது இரண்டரை செ.மீ.தான். விட்டுவிடலாம். மேலும் கீழும்தான் கவனம் தேவை: கிழக்கு நோக்கிய களத்தில் ஏறத்தாழ 10 செ.மீ. மேலே, மேற்கு நோக்கினால் அதே அளவு கீழே.

இன்னொன்று. ரைஃபிள் ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலே 1000 கெஜத்தில் ஒரு சாண் அளவுக்குப் பக்கவாட்டில் விலகும். பார்வைக்கு அது சுழல் விலகல் போலவே இருக்கும். ஆகவே ஸ்கோப்பில் சின்ன ரசமட்டம் ஒன்றைப் பொருத்துங்கள். 100 மீட்டரில் உயரமான அட்டை வைத்து, கொத்தனாரின் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, அதையொட்டிக் கோடு போடுங்கள். ஸ்கோப்பை மேல்நோக்கிப் படிப்படியாகத் திருகிச் சுடுங்கள். துளைகள் கோட்டிலேயே ஏற வேண்டும். விலகினால் ஸ்கோப்பைக் கழற்றி நேராக்குங்கள். அந்த 2 கிளிக்கைக் குறிப்பேட்டில் எழுதுவது அதற்கப்புறம்தான்.