பஞ்ச காலத்துப் படிக்காசு
(தருமபுரியில் அப்பர் குருபூசையன்று ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். சித்திரைச் சதயமாகிய இன்று திருநாவுக்கரசர் பெருமானை நினைந்து கூடியிருக்கிறோம். இந்த மாதத்தில் நம் மாவட்டத்துச் சிற்றூர்களில் எதைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும் அது கடைசியில் தண்ணீரில்தான் போய் நிற்கும். தேங்காயைக் கையில் ஏந்தி நீரோட்டம் பார்ப்பவர் இடம் காட்டிவிட்டுப் போன பிறகு, நகையை அடகு வைத்த பணத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி வந்து நிற்கிறது. எண்ணூறு அடி, ஆயிரம் அடி என்று துளை இறங்க இறங்க, ஈரமண் வராதா என்று வீட்டார் வாய் திறவாமல் பார்த்திருக்க, குழியிலிருந்து வெள்ளை வெளேரென்று கல்மாவு பறக்கிறது. ‘புகைதாங்க வருது’ என்று வண்டிக்காரர் எந்திரத்தை நிறுத்திவிடுகிறார். அந்த நேரத்தில் அந்தக் குடும்பத்தாரிடம் போய், ‘கடவுளை நம்புங்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொன்னால் அது அவர்கள் காதில் ஏறாது; ஏற வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதும் முறையன்று.

நம்பிக்கை பிறவியிலேயே வாய்ப்பதில்லை என்பதற்கு அப்பர் வரலாறே சான்று. திருவாமூரில் மருள்நீக்கியாராகப் பிறந்த அவர் இளமையிலேயே பெற்றோரை இழந்தார். தமக்கையார் திலகவதியாருக்கு மணம் பேசியிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். தாமும் உயிர்விடத் துணிந்த அம்மையார், தம்பிக்காக உயிர் தாங்கினார். அந்தத் தம்பியோ சமணம் சார்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு பெருமை பெற்று விளங்கினார். பிறகு சூலை என்னும் கொடிய வயிற்று வலி வந்தது. அங்கிருந்த சமணர்கள் செய்த எதுவும் பலிக்காமல், இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து தமக்கையின் காலில் விழுந்தார். அம்மையார் திருநீறு அளித்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார்.

அங்கே அவர் பாடிய முதல் பதிகம் ‘கூற்றாயின வாறு விலக்ககிலீர்’ என்றல்லவா தொடங்குகிறது! எமனைப் போல வருத்தும் இந்த நோயை நீர் விலக்கவில்லையே, வயிற்றுக்குள் குடலோடு சேர்த்துக் கட்டி முடக்குகிறதே, என்னால் பொறுக்க முடியவில்லையே என்று, வலி தீர்வதற்கு முன்பே, வலியின் நடுவிலேயே அவர் முறையிடுகிறார். நம் வீட்டுத் தாய்மார்கள் சாமி படத்தின் முன் நின்று ‘உனக்குக் கண்ணில்லையா?’ என்று கேட்பதுண்டு. அதைத் தெய்வ நிந்தனை என்று யாரும் கண்டிக்க வேண்டாம். கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணம் அடியாழத்தில் இல்லாதவர் யாரிடம் போய் முறையிடுவார்? சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைபட்டபோது, ஈசன் திருவடி நிழலை வீணையாகவும் மாலை நிலவாகவும் வீசும் தென்றலாகவும் பாடியவர் அதே அப்பர்தான். ஆனால் அந்தக் குளிர்ச்சியை அடைவதற்கு முன் அவர் திருவதிகையில் துடித்தார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

நம் மண்ணுக்கு மிக நெருக்கமான நிகழ்ச்சி ஒன்றைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிறார். அப்பரும் ஞானசம்பந்தரும் திருவீழிமிழலையில் தங்கியிருந்த காலத்தில் மழை பொய்த்துக் கொடும் பஞ்சம் வந்தது. இறைவன் கனவில் தோன்றி, பஞ்சம் தீரும்வரை நாள்தோறும் ஒரு காசு தருவதாகச் சொன்னார்; அவ்வாறே ஆளுக்கொரு பீடத்தில் ஒவ்வொரு காசு கிடைத்தது. நினைத்துப் பாருங்கள்: மறுநாளே மழை கொட்டவில்லை, பொற்குவியலும் கிடைக்கவில்லை. இன்றைக்கு ஒரு காசு, நாளைக்கு நாளை வந்த பிறகு ஒரு காசு. அதையும் அவர்கள் முடிந்துவைத்துக்கொள்ளவில்லை. அன்றன்றே அரிசியாக்கித் தங்கள் திருமடங்களில் அடியார்களுக்குச் சோறிட்டார்கள். சம்பந்தர் பெற்ற காசுக்குக் கடைக்காரர்கள் வட்டம், அதாவது மாற்றுக் குறைவுக்கான கழிவு, பிடித்துக்கொண்டார்கள்; புல் செதுக்கும் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்த அப்பருக்கு வட்டம் இல்லாத நற்காசு கிடைத்தது என்றும் வரலாறு கூறுகிறது. துன்ப காலத்தில் ஓராண்டுக்கு வேண்டிய தைரியத்தை ஒரே நாளில் தேடுகிறோம். கிடைக்காதபோது தெய்வம் கைவிட்டது என்கிறோம். இன்றைய பொழுதைக் கடத்தும் அளவுக்குத் தெம்பு வந்திருக்கிறதா என்று பார்க்கப் பழகுவதுதான் நம்பிக்கையின் முதல் பயிற்சி என்பது என் துணிபு.

வறட்சி மட்டுமா, வெள்ளமும் நமக்குத் தெரியும். 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலால் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, நிறுத்தியிருந்த கார்களையும் வேன்களையும் வெள்ளம் புரட்டிக்கொண்டு போயிற்று. இத்தகைய வேளைகளில் ‘நீ செய்த பாவம்’ என்று சொல்லி, பரிகாரத்துக்கு ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர்கள் வாசலுக்கு வருவார்கள். அவர்களிடம் ஏமாறாதீர்கள். நம்பிக்கைக்கு விலை வைப்பவர் அப்பர் வழி வந்தவர் அல்லர். அதுபோலவே, நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லாமல் வேண்டுதலோடு நிறுத்திக்கொள்வதும் பக்தி ஆகாது.

மருள்நீக்கியார் திரும்பி வந்தபோது, சமயம் மாறிப் போனவன்தானே என்று திலகவதியார் கதவடைக்கவில்லை. ஏன் போனாய் என்று கேட்டதாகவும் சேக்கிழார் பாடவில்லை. போர்க் கிணறு பொய்த்துப் போன வீட்டுக்காரரிடம் ‘அப்போதே சொன்னேனே’ என்று நாமும் சொல்ல வேண்டாம். கடனுக்குத் தவணை கேட்டு அவர் வங்கிக்குப் போகும்போது, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் உடன் செல்லுங்கள். அடியார்களுக்கு அமுது படைக்கும் இன்றைய மகேசுவர பூசைக்குச் சேர்ந்த அரிசியில் மிஞ்சுவதை அப்படிப்பட்ட வீடுகளுக்குக் கொடுத்தனுப்பலாம் என்று விழாக் குழுவினரிடம் கேட்டேன், இசைந்திருக்கிறார்கள். வீடுகளை அறிந்தவர்கள் பூசை முடிந்ததும் மண்டபத்தின் பின்புறம் வந்து விவரம் சொல்லுங்கள்.