துவக்கு இல்லாத நரி வேட்டை

வணக்கம் உறவுகளே. மெதுவாகத்தான் கதைப்பேன், ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். நேரம் இரவு 11:20. யாழ்ப்பாணத்து அச்சுவேலிப் பக்கம், குஞ்சியப்புவின் வெங்காயத் தோட்டத்து வரம்பில் குந்தியிருக்கிறேன். உஸ்ஸென்று கேட்பது சோழகக் காற்று. மைக்கில் பஞ்சு சுற்றியும் நிற்கவில்லை.

போன கிழமை குஞ்சியப்புவின் மூன்று கோழிகள் போய்விட்டன. வேலியோரம் இறகு மட்டும் கிடந்தது. அவர் "நரிதானடா தம்பி" என்கிறார். எனக்கு ஊர் நாய்களிலும் சந்தேகம். அதைப் பார்க்கத்தான் வந்தேன்.

லண்டனில் இருக்கிற மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். அங்கே பண்ணைக்காரர் இரவில் லைட் அடித்து நரி சுடுகிறார்கள். நாய்க்கூட்டம் விட்டு நரி துரத்துவதை 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. லைட் அடித்துச் சுடுவதற்குத் தடை இல்லை. "நீயும் இப்படிச் செய்" என்கிறான். மச்சான், அவர்கள் சுடுவது செந்நரி. அது இலங்கையிலேயே இல்லை. இங்கே நாங்கள் நரி என்பது ஜக்கால், ஓநாய்க்கும் நாய்க்கும் கிட்டிய சொந்தம். அப்புறம், அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கைத் தொட்டால் என்னைத்தான் பிடித்துப் போவார்கள்.

ஆனால் லைட் அடிக்கிற வித்தை இரண்டுக்கும் ஒன்றுதான். நரியின் கண்ணுக்குள், பின்பக்கத்தில் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. உள்ளே போன வெளிச்சம் அதில் பட்டு, வந்த வழியே திரும்புகிறது. அதனால் ரோச் லைட்டை நெற்றியில் கட்ட வேண்டும். கையை நீட்டிப் பிடித்தால் அந்த மினுக்கம் உங்கள் கண்ணுக்கு வராது. இதோ பாருங்கள், பாத்திக்குள் பச்சையாகப் பொட்டுப் பொட்டாக மின்னுகிறதே, பனித்துளி இல்லை. சிலந்தி! ஒவ்வொரு பொட்டும் ஒரு சிலந்தி. நேற்று இதைப் பார்த்துவிட்டு வெறுங்காலை மடக்கிக்கொண்டே இருந்தேன்.

நேற்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்கக் கூடாது. முழங்கால் உயரத்தில் இரண்டு கண்கள், அசையவே இல்லை. "நரி, நரி" என்று ஐந்து நிமிடம் குசுகுசுத்துப் படம் எடுத்தேன். கிட்டப் போனால் பக்கத்து வளவு ஆடு, படுத்திருந்து அசை போடுகிறது. கையில் துவக்கு இருந்திருந்தால் காலையில் ஆட்டுக்கு விலை பேசிக்கொண்டிருப்பேன்.

இன்றைக்கு இடத்தை மாற்றிவிட்டேன். வடலிப் பக்கமிருந்து, அதுதான் அந்த இளம் பனைகள் பக்கமிருந்து, வரும் என்பது குஞ்சியப்புவின் கணிப்பு. காற்றும் அங்கிருந்துதான் என் முகத்தில் அடிக்கிறது. முதுகில் அடித்தால் என் மணம் முதலில் போய்ச் சேர்ந்துவிடும், பிறகு விடியும்வரை நுளம்புக்கடிதான்.

பின்னேரம் கோழிக்கூட்டையும் பார்த்தோம். கதவு சரி, கம்பிவலையும் சரி. ஆனால் ஒரு மூலையில் அடி மண் கிளறியிருந்தது. வலையை ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கி, வெளிப்பக்கமாக மடித்து, மேலே கலட்டிக் கல் அடுக்கினோம். சுருக்கு வைக்கலாமென்று ஒருவர் சொன்னார். சுருக்குக்கு நாய் எது, நரி எது என்று தெரியாது, வேண்டாம் என்றுவிட்டேன். தோட்டத்து எலியைத் தின்பதும் இதே நரிதான்.

பட்டப்பகலில் பயமில்லாமல் ஆளிடம் வருகிற நரி என்றால் மட்டும் விளையாடாதீர்கள், விசர்நோய் (ரேபிஸ்) பிடித்ததாக இருக்கலாம். கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதிர்ஷ்டம் தருமென்று சிலர் நம்புகிற நரிக்கொம்பு இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: இல்லை, விற்கவும் மாட்டேன்.

பொறுங்கள்... கேட்கிறதா? வல்லை வெளிப் பக்கம். ஒன்று தொடங்க மற்றதெல்லாம் சேர்ந்து ஊளையிடுகின்றன. ஊர் நாய்களும் தொடங்கிவிட்டன.

லைட்டைத் தாழ்த்துகிறேன். அங்கே, வடலிக்குக் கீழே இரண்டு கண்கள். அணைகிறது, எரிகிறது. தலையைக் குனிந்து மோப்பம் பிடிக்கிறது. ஆடு இல்லை, சத்தியமாக. வால் தொங்குகிறது, மெல்லோட்டமாக வருகிறது... கூட்டு மூலைக்கே போய்விட்டது. பழைய இடம் தெரிந்திருக்கிறது பாருங்கள். கல்லை இரண்டு தரம் பிறாண்டுகிறது. நின்று என்னைப் பார்க்கிறது. போய்விட்டது.

குஞ்சியப்பு, நீங்கள் சொன்னதுதான் சரி, நரிதான். அவர் கேட்கவில்லை. கூட்டுக்குள் ரோச்சடித்து எண்ணிக்கொண்டிருக்கிறார்.

"பதினொண்டும் இருக்கு தம்பி. லைட்ட நிப்பாட்டு, அதுகள் நித்திரை கொள்ளட்டும்."