தேன் இல்லாத தேன் கேக்

வணக்கம் நேயர்களே. நம் ஊர்ப் பெட்டிக்கடைத் தேன்மிட்டாயில் தேன் உண்டா? கிடையாது, சர்க்கரைப் பாகுதான். நான் இன்று பேச வந்திருக்கும் கேக்கும் அதே ஜாதி. அட்லாண்டிக் கடலில், போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதேரா தீவில் அதை ‘போலோ டி மெல்’ என்கிறார்கள். மெல் என்றால் தேன். உள்ளே போவதோ, கரும்புச் சாற்றைக் கருக்கக் காய்ச்சிய பாகு.

15ஆம் நூற்றாண்டில் அந்தத் தீவுக்குக் கரும்பு வந்தது. சர்க்கரை கொழித்த நாட்களில், 1478இல், கொலம்பஸே சரக்கு வாங்க அங்கே போயிருக்கிறார். தலைநகர் ஃபுன்ஷாலின் நகரச் சின்னத்தில் இன்றைக்கும் ஐந்து சர்க்கரைக் கூம்புகள் உண்டு. அப்புறம் பிரேசில் சர்க்கரை மலிவாக வந்து அந்த வியாபாரத்தைச் சாய்த்துவிட்டது. கேக் மட்டும் தப்பியது.

சேர்மானத்தைக் கேளுங்கள்: மைதா, பாகு, வெண்ணெய், பன்றிக் கொழுப்பு, வால்நட், பாதாம், பட்டை, கிராம்பு, சோம்பு, கொஞ்சம் மதேரா ஒயின். ஃபுன்ஷால் என்ற பெயரே அங்கே மண்டிக் கிடந்த சோம்புச் செடியால் வந்ததுதான். பழைய முறையில், ரொட்டி மாவில் கொஞ்சம் எடுத்து வைத்து அதைப் புளிப்புக்குச் சேர்ப்பார்கள். பிசைந்த மாவைத் துணியால் போர்த்தி, இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டுவிடுவார்கள்.

நானும் ஒருமுறை கருப்பட்டிப் பாகு ஊற்றிச் செய்து பார்த்தேன். அசல் இல்லைதான், ஆசை யாரை விட்டது? அடுப்பிலிருந்து எடுத்த அன்றே கத்தியை வைத்தேன். மேலோடு வெடித்து, பாதாம் ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம். வாயில் போட்டால் கிராம்பு மட்டும் சுள்ளென்று தனியாக நின்றது. எரிச்சலில் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது வாசனையே வேறு. ஓரத்தைக் கையால் பிட்டேன். உள்ளே ஈரமாக, கருப்பாக, பட்டையும் கிராம்பும் பாகோடு கலந்து ஒன்றாகியிருந்தன. மதேராக்காரர்கள் இதில் கத்தியே வைப்பதில்லை, கையால்தான் பிட்டுத் தின்பார்கள் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது!

பொறுமை இல்லாதவர்களுக்கு ‘ப்ரோவாஸ் டி மெல்’ இருக்கிறது. அதே பாகில் செய்த சின்ன வட்ட பிஸ்கட். எலுமிச்சை அளவுக்கும் சிறிதாக உருட்டி வைத்தால், சூட்டில் தானாகப் பரந்து மேலே வெடிப்பு விடும். ஃபுன்ஷாலில் 1893 முதல் நடக்கும் சாந்தோ அந்தோனியோ பிஸ்கட் கடையில் இரண்டும் கிடைக்கும். டீக்கு பிஸ்கட்தான் தோது என்பது என் கட்சி.

கேக்குக்கு நாள் குறித்திருக்கிறார்கள்: டிசம்பர் 8, அமலோற்பவ மாதா திருநாள். கிறிஸ்துமஸுக்கு வேண்டியதை அன்று செய்வார்கள். காற்றுப் படாமல் வைத்தால் ஒரு வருடம் தாங்கும். அதனால், புது மாவு பிசைகிற அதே நாளில், போன வருடத்துக் கேக்கில் மிஞ்சிய கடைசித் துண்டைப் பிட்டு வீட்டில் எல்லோருமாகத் தின்று தீர்ப்பது அங்கே வழக்கம். என் டப்பா மூன்றாம் வாரமே காலி.