இரண்டு மதிப்பெண் கேள்வியும் பூமியின் சூடும்

நேயர்களுக்கு வணக்கம். பள்ளி வேதியியலில் ஒரு கேள்வி உண்டு: ஒத்த அணு மூலக்கூறு, வேற்றணு மூலக்கூறு, வேறுபடுத்துக. நைட்ரஜன், ஆக்சிஜன் போல ஒரே தனிமத்தின் அணுக்கள் சேர்ந்திருந்தால் முதல் வகை. தண்ணீர், அம்மோனியா போல வெவ்வேறு தனிமங்கள் சேர்ந்திருந்தால் இரண்டாவது. இரண்டு மதிப்பெண் வாங்கிக்கொண்டு மறந்துவிடுகிறோம். ஆனால், இந்த வேறுபாடு இல்லையென்றால் நம் பூமி உறைந்து கிடந்திருக்கும்.

1859-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இயற்பியலாளர் ஜான் டிண்டால், வாயுக்கள் வெப்பத்தை விழுங்குமா என்று பார்க்க ஒரு நீளமான பித்தளைக் குழாயை எடுத்தார். இரு முனைகளையும் இந்துப்புப் பாளங்களால் அடைத்தார். கண்ணாடி போட்டிருக்கலாமே என்றால், கண்ணாடி வெப்பக் கதிரைத் தானே விழுங்கிவிடும், உப்பு விட்டுவிடும். ஒரு பக்கம் சூடான பாத்திரம், மறுபக்கம் வந்துசேரும் வெப்பத்துக்கேற்ப முள் அசையும் கருவி. குழாய்க்குள் நைட்ரஜனை விட்டார். முள் அசைந்ததாகவே தெரியவில்லை. ஹைட்ரஜனும் அப்படித்தான். அம்மோனியாவை விட்டதும் முள் வெகுவாக விலகியது. அம்மோனியாவில் இருப்பதும் அதே நைட்ரஜனும் ஹைட்ரஜனும்தானே! வெறுமனே கலந்திருக்கும்போது வெப்பத்தைச் சீண்டாதவை, ஒரே மூலக்கூறாகப் பிணைந்ததும் அதை விழுங்கின.

ஏன் என்பது பிற்பாடுதான் விளங்கியது. நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்களும் சமபலம். அது எப்படி அதிர்ந்தாலும் மின்னூட்டம் ஒரு பக்கமாகச் சாய்வதில்லை. வெப்ப அலைக்குப் பற்றிக்கொள்ள பிடி இல்லை. தண்ணீரில் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துவைத்திருக்கிறது. அதிரும்போது அந்தச் சாய்வும் ஆடுகிறது. கார்பன் டை ஆக்சைடு நேர்கோடாக இருப்பதால் சாய்வு தெரியாது. ஆனால் வளைந்து அதிரும்போது வெளிப்பட்டுவிடும்.

உலர்ந்த காற்றில் 99 விழுக்காடு நைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். பூமி வெளிவிடும் வெப்பத்தை அவை ஏறக்குறைய அப்படியே போகவிடுகின்றன. தடுத்து நிறுத்துவது நீராவியும், பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கே இருக்கும் கார்பன் டை ஆக்சைடும் போன்ற சிறுபான்மையினர்.

இந்தக் கணக்கில் அடங்காத ஒன்றும் உண்டு: ஓசோன். மூன்றும் ஆக்சிஜன் அணுக்களே. தேர்வில் ஒத்த அணு மூலக்கூறு என்றுதான் எழுத வேண்டும். ஆனாலும் அது வெப்பத்தை நன்றாகவே விழுங்கும். அதன் வடிவம் வளைந்தது. நடு அணுவுக்கு இரு பக்கமும் பிணைப்பு, ஓர அணுக்களுக்கு ஒரு பக்கம் மட்டும். தனிமம் ஒன்றானாலும் இருக்கும் இடம் வேறு. அங்கே மின்னூட்டம் சாய்ந்துவிடுகிறது.