சாக்கடைத் தண்ணி இந்தத் தடவ வீட்டுக்குள்ள வரல! | மொரீஷியஸ் மழை வ்லாக்

வணக்கம் எல்லாருக்கும். இன்னைக்கு மாடித் தோட்டமும் இல்ல, சமையலும் இல்ல. முருங்கக்கீரை வீடியோ பாதி எடுத்து வச்சிருக்கேன், அது அப்புறம் வரும். நேத்து ராத்திரி கொட்டுன மழைக்கு எங்க பாத்ரூம் காஞ்சு கெடக்குங்க! அத விட்டுட்டு வேற எதப் பத்தியும் என்னால பேச முடியல. இருங்க, கேமராவக் கீழ கொண்டு போறேன். இதோ, நாணி ட்ராப் ஜல்லடை, பாத்ரூம் தரையில தண்ணி எறங்குற ஓட்டை. சுத்தி ஒரு சொட்டு இருக்கா பாருங்க. போன மாசம் இதே எடத்துல பூட்ஸ் போட்டுக்கிட்டு நான் நின்ன வீடியோவப் பாத்திருப்பீங்க. சாப்பிடும்போது பாக்காதீங்கன்னு மேலயே எழுதிப் போட்டிருந்தேனே, அந்த வீடியோ.

புதுசா வந்தவங்களுக்கு மட்டும் சுருக்கமா சொல்லிடுறேன். நான் மன்னார்குடி பக்கம், கல்யாணமாகி இங்க வந்தவ. தீவோட வடக்குல ஒரு சின்ன ஊரு. ஊர்ப் பேரச் சொல்ல மாட்டேன்னு உங்களுக்கே தெரியும், கேக்காதீங்க. ஒரு பக்கம் கரும்புத் தோட்டம், இன்னொரு பக்கம் கொஞ்ச தூரத்துல கடலு. மொரீஷியஸ்ல கிராமத்து வீடுங்களுக்குப் பெரும்பாலும் செப்டிக் டேங்க்தான். எங்க தெருவுல மட்டும் வரிசையா வீடு கட்டுனப்பவே பாதாளச் சாக்கடை போட்டுட்டாங்க. எல்லா வீட்டுக் கழிவுத் தண்ணியும் பள்ளத்துல இருக்குற பம்ப் ஸ்டேஷனுக்குப் போயி, அங்கேர்ந்து ஏத்தி அனுப்புவாங்க. நாங்க பள்ளத்துக்கு ரொம்பப் பக்கம். மேல இருக்குற வீட்டுக்காரங்களுக்கு ஒன்னும் தெரியாது, எங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்.

போன மாசம் நடந்தது என்னன்னா, தைப்பூசக் காவடிக்குக் கோயில்ல கொடி ஏத்தியாச்சு, வீட்டுல எல்லாரும் விரதம். அத்தை வீட்டையே கழுவித் தொடச்சு வச்சிருந்தாங்க. அப்பத்தான் வாக்வா வானிலை ஆபீஸ்லேர்ந்து கனமழை எச்சரிக்கை. ரொம்பக் கனமாப் பேஞ்சு, இன்னும் பெய்யும்னு தெரிஞ்சா இங்க ஸ்கூலுக்கு லீவு விட்டுடுவாங்க. புள்ளைங்க வீட்டுல இருந்துச்சு. கரண்ட் போச்சு. கரண்ட் போனா பள்ளத்துல பம்பும் நிக்கும்.

மொதல்ல சத்தந்தான் வரும், இத நல்லா கேட்டுக்கோங்க. டாய்லெட் கோப்பைக்குள்ள 'குளுக், குளுக்'னு காத்து வரும். மழை நேரத்துல நீங்க தண்ணி ஊத்தாமயே அந்தச் சத்தம் வந்துச்சுன்னா, பெரும்பாலும் தெருக் குழாய் நெறஞ்சிடுச்சுன்னு அர்த்தம். அடுத்து வர்றது நாணி ட்ராப் வழியாத்தான், ஏன்னா வீட்டுலயே தாழ்வா இருக்குற வாய் அதுதான். ஜல்லடையச் சுத்திக் கறுப்பா ஒரு வளையம், அதுல யாரு வீட்டுச் சோப்பு நுரையோ மெதக்குது, அதுக்கப்புறம் என்னென்ன வந்துச்சுன்னு நான் சொல்லல. தெரு முழுக்க இருக்குறவங்களோடது எங்க அடுப்படி வாசப்படி வரைக்கும் வந்துச்சு. அத்தை குத்துவெளக்கையும் செம்பையும் எடுத்து ஃப்ரிட்ஜ் மேல வச்சுட்டு அழுதாங்க. சோபா நனஞ்சதுக்கு அவங்க அழல. விரதம் இருக்குற வீட்டுக்குள்ள இது வந்துடுச்சேன்னுதான். மறுநாள் குருக்கள்தான் தேத்தினாரு, 'வீட்டக் கழுவுங்க, தலைக்குக் குளிங்க, விரதத்த விடாதீங்க'ன்னு. காவடிக்குப் போனோம், ஏழு கறிச் சாப்பாடும் நடந்துச்சு. ஆனா அத்தை முகம் தெளியவே இல்ல.

புகார் சொல்ல ஃபோன் பண்ணேன். புகார் நம்பர் குடுத்தாங்க. தண்ணி தானா வடிஞ்சு, நாங்க கழுவி முடிச்சப்புறம் ஒரு லாரி வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு. எனக்கு அன்னைக்கு வந்த கோவம் இன்னும் தணியல.

சரி, இனிமே இப்படி ஆகக் கூடாதுன்னு நாங்க வாங்கிப் பூட்டுன வால்வு. கமென்ட்ல அத்தன பேர் கேட்டீங்க. தண்ணி வெளிய போகும், திரும்பி வராது, அந்த மாதிரி வால்வு. இங்க கடையில 'கிளாப்பே'ன்னு கேட்டாத்தான் எடுத்துத் தருவாங்க. 110 மில்லிமீட்டர் குழாய்க்கு உள்ளது. மொதக் கடையில 4,850 ரூபாய். மொரீஷியஸ் ரூபாய்ங்க, நம்மூரு காசுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு, கொஞ்சம் கம்மியா வச்சுக்கோங்க. குட்லண்ட்ஸ்ல இன்னொரு கடையில அதே வால்வு, அதே டப்பா, 3,200! ஒரே சாமானுக்கு 1,650 ரூபாய் வித்தியாசம்! மொதக் கடைக்காரர்கிட்ட இதச் சொன்னா, 'எங்களுது நல்ல சரக்கு'ங்கிறாரு. ரெண்டு டப்பாவையும் ஃபோட்டோ எடுத்து வச்சிருக்கேன், எழுத்துக்கு எழுத்து ஒன்னு. இதோட முடியல. குட்லண்ட்ஸ் கடையில பில் போடும்போது ரப்பர் வளையத்துக்குத் தனியா 175 ரூபாய் சேக்குறாங்க. அந்த வளையம் இல்லாம வால்வப் பூட்டவே முடியாது! செருப்பு வாங்கினா வாருக்குத் தனிக் காசா கேப்பாங்க? இத நான் அங்கயே நின்னு கேட்டேன். பின்னாடி வரிசையில நின்னவங்களும் கேட்டாங்க. கடைசில வளையத்த சும்மா குடுத்தாங்க. ஆக மொத்தம் 3,200 ரூபாய். நீங்க வாங்கப் போனா, வளையம் சேத்துத்தான் வெலையான்னு மொதல்லயே கேட்டுடுங்க.

பூட்டுனது நம்ம பிளம்பர் தோன்தோன். தண்ணித் தொட்டி வீடியோல வந்தாரே, அவரேதான். இந்த ஊருல எனக்குப் புடிச்ச மனுஷங்கள்ல அவரு ஒருத்தரு. வீட்டுக் குழாய் எல்லாம் ஒன்னாச் சேந்து தெருக் குழாய்க்குப் போறதுக்கு முன்னாடி, நம்ம காம்பவுண்டுக்குள்ளயே காங்கிரீட்ட ஒடச்சு, சின்னதா ஒரு தொட்டி கட்டி, அதுக்குள்ள வச்சாரு. மண்ணுக்குள்ள பொதைக்கக் கூடாதாம். கையி உள்ள போயி மூடியத் தொறந்து கழுவுற மாதிரி இருக்கணுமாம். வால்வு மேல ஒரு அம்புக்குறி போட்டிருக்கும், அது தெருவப் பாத்து இருக்கணும். உள்ள ஒரு தட்டு தொங்கும். நம்ம தண்ணி போகும்போது தெறக்கும், தெருவுலேர்ந்து தண்ணி தள்ளுனா அழுந்தி மூடிக்கும். தட்டுல ஈரத் துணித்தாளோ, பொரிச்ச எண்ணெய்க் கட்டியோ ஒட்டிக்கிச்சுன்னா மூடாது, அவ்வளவுதான், காசு போச்சு. அதனால காத்தோ பிமா, அதான் இந்த ஊரு பருப்பு வடை, சுட்ட எண்ணெயச் சிங்க்ல ஊத்துற பழக்கம் உள்ளவங்க இன்னைக்கே விட்டுடுங்க. ஆறவச்சு டப்பாவுல ஊத்திக் குப்பையில போடுங்க.

ஆங், கல்லி ட்ராப்பச் சொல்லாம விட்டேனே. வீட்டுக் கழிவுத் தண்ணி வெளிய முத்தத்துல வந்து எறங்குற சின்னத் தொட்டி அது. தோன்தோன்தான் கண்டுபுடிச்சாரு. முத்தத்துல இருக்குற கல்லி ட்ராப்போட வாய், பாத்ரூம் தரையவிட ஒரு சாணாவது தாழ்வா இருக்கணும். அப்பத்தான் தெருக் குழாய் நெறஞ்சா மொதல்ல முத்தத்துல பொங்கும், வீட்டுக்குள்ள வராது. எங்களுக்கு முன்னாடி இந்த வீட்ட வச்சிருந்தவங்க முத்தத்துக்குக் காங்கிரீட் மேல காங்கிரீட் போட்டு, வாயையும் சேத்து ஒசத்தி விட்டுட்டாங்க. அத வெட்டித் தாழ்த்துனாரு. முத்தத்துல பொங்குனா கழுவி விட்டுடலாம், மெத்தையக் கழுவ முடியுமா? உங்க வீட்டுல இது எந்த ஒசரத்துல இருக்குன்னு இன்னைக்கே போய்ப் பாருங்க. இதுக்குக் காசே ஆகாது.

நேத்து ராத்திரிக்கு வர்றேன். மழை புடிச்சுச்சு, கரண்ட் போச்சு, அப்படியே போன மாசம் மாதிரி. நான் கொடையும் டார்ச்சும் எடுத்துக்கிட்டு போயி தொட்டி மூடியத் தொறந்தேன். எங்க வீட்டுக்காரரு 'உள்ள வா'ன்னு கத்துறாரு, நான் போகல. வால்வு மூடி கண்ணாடி மாதிரித் தெரியுற பிளாஸ்டிக்கு. தெருப் பக்கம் கறுப்பா நெறஞ்சு நிக்குது, தட்டு அழுந்தி ஒட்டிக்கிட்டு நிக்குது, சாம்பல் நெற ரப்பர் ஓரத்துல ஒரே ஒரு சின்னக் குமிழி. நம்ம பக்கம் காலி. அந்தக் குமிழியயே பாத்துக்கிட்டு எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. அது பெருசாகவே இல்ல. உள்ள போயி அத்தைகிட்டச் சொன்னேன். அவங்க நேரா சாமி ரூமுக்குப் போயி வெளக்கேத்துனாங்க.

முக்கியமானத மறந்துட்டேன் பாருங்க. தட்டு மூடியிருக்கும்போது உங்க வீட்டுத் தண்ணியும் வெளிய போகாது. யாராவது ஃப்ளஷ் பண்ணா, வாஷிங் மெஷின் போட்டா, அது உங்க முத்தத்துலயோ பாத்ரூமுலயோதான் எழும்பும். மழை நிக்கிற வரைக்கும் வாளி ஒன்னு வச்சுக்கோங்க. புள்ளைங்களுக்கு மொதல்லயே சொல்லி வைங்க.

இன்னொன்னு, வால்வு என் வீட்டத்தான் காப்பாத்தும். அந்தத் தண்ணி வால்வு இல்லாத வீட்டுக்குப் போகுது. நேத்து ரெண்டு வீடு தள்ளி ஒரு வயசான அம்மா வீட்டுல ஏறிடுச்சு. இன்னைக்குக் காலைல போயிக் கழுவிக் குடுத்தோம். அதனாலதான் இதச் சொல்றேன்: சாக்கடையில மழைத் தண்ணியச் சேக்காதீங்க. இந்த ஊருல பாதி வீட்டுல மொட்டை மாடிக் குழாய நேரா சாக்கடையில சொருகி வச்சிருக்காங்க. 1960-ல கரோல் புயல் அடிச்சுப் போட்டதுக்கப்புறம் இந்தத் தீவுல தகரக் கூரை போயிக் காங்கிரீட் மொட்டை மாடி பெருகிடுச்சு. புயலுக்கு நல்லதுதான். ஆனா 100 சதுர மீட்டர் மாடியில 50 மில்லிமீட்டர் மழை பேஞ்சா 5,000 லிட்டருங்க! ஒரு குடும்பம் பல நாளைக்குப் பொழங்குற தண்ணி. ஒரு மாடிக்கே இவ்வளவு. குளிக்கிற, கழுவுற தண்ணிக்குன்னு போட்ட குழாயி இத எப்படித் தாங்கும்? அதவிட மோசம், ரோட்டுல தண்ணி நின்னா கடப்பாறையால மேன்ஹோல் மூடியத் தூக்கி விடுறவங்க. உங்க வாசல் வடியுது, எங்க வீட்டுக்குள்ள ஏறுது. இது எனக்குச் சுத்தமாப் புடிக்கல. உங்க முகத்துக்கு நேராவும் சொல்லுவேன்.

கரும்பு நெலத்த மோர்செல்மோன் போட்டு, அதாவது வீட்டு மனையாப் பிரிச்சு, வித்ததும் ஒரு காரணம். மண்ணு குடிச்ச தண்ணி இப்ப தாரு ரோட்டுல ஓடி வருது. மழைக்குன்னு உள்ள திறந்த கால்வாயில பாட்டிலும் கட்டிலும் கெடக்குது. இந்த நாட்டுல தண்ணிய அசட்டையா நெனைக்க முடியாதுங்க. 2013 மார்ச் 30, போர்ட் லூயில ரெண்டு மணி நேரத்துக்குள்ள 152 மில்லிமீட்டர் பேஞ்சு 11 பேர் செத்துப் போனாங்க. அத்தை இன்னைக்கும் வானம் இருட்டுனா யாரையும் போர்ட் லூயி போக விட மாட்டாங்க. 2024 ஜனவரி 15, பெலால் புயலப்போ அதே ஊருல காருங்க மெதந்து போச்சு, நீங்களே ஃபோன்ல பாத்திருப்பீங்க.

கமென்ட்ல ரெண்டு விஷயத்துக்குப் பதில் சொல்லிடுறேன். சாக்கடைத் தண்ணி வந்த வீட்டக் கழுவ, 'ஆசிட் ஊத்துங்க, ஜாவேலும் சேத்து ஊத்துங்க'ன்னு ஒருத்தர். ஜாவேல்னா இங்க ப்ளீச்சிங் தண்ணி. தயவுசெஞ்சு செய்யாதீங்க! ரெண்டும் சேந்தா விஷ வாயு. மொதல்ல சோப்புப் போட்டுச் சேறெல்லாம் போகக் கழுவுங்க, அப்புறந்தான் தண்ணியில கலந்த ஜாவேல், அதுவும் தனியா, ஜன்னலத் தொறந்து வச்சுக்கிட்டு. கையுறை, பூட்ஸ் கட்டாயம், கால்ல புண்ணு இருந்தா தண்ணியில எறங்கவே எறங்காதீங்க. எலி மூத்திரம் கலந்த தண்ணியால வர்ற லெப்டோஸ்பைரோசிஸ் இங்க இருக்கு. அப்புறம் காய்ச்சல் வந்தா, வெள்ளத் தண்ணியில நின்னேன்னு டாக்டர்கிட்ட வாயத் தொறந்து சொல்லுங்க. இன்னொருத்தர் செப்டிக் டேங்க்காரரு, மழையோட மழையா லாரி கூப்பிட்டு உறிஞ்சி எடுக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாங்க. மண்ணு ஊறிக் கெடக்கும்போது டேங்கக் காலி பண்ணா, அடியில நிக்கிற தண்ணி டேங்கையே தூக்கிடும், குழாயெல்லாம் ஒடஞ்சிடும். மண்ணு வடியட்டும்.

தமிழ் டீச்சர் அக்கா இருக்காங்கல்ல, பொங்கல் வீடியோல கோலம் போட்டாங்களே. அவங்களும் நானும் தோன்தோனும் இன்னைக்கு மத்தியானம் தெருவுல வீடு வீடாப் போனோம். மாடிக் குழாயில ஒரு வாளி மஞ்சத் தண்ணி ஊத்துறது, அந்த வீட்டுச் சாக்கடைத் தொட்டியில மஞ்சளா வருதான்னு பாக்குறது. வந்துச்சுன்னா சாட்சி வேற வேணாம். ஒரு வீட்டுல கேட்டச் சாத்திட்டாங்க. மத்தவங்க காட்டுனாங்க, ரெண்டு பேருக்கு அவங்க குழாய் எங்க போகுதுன்னே தெரியல, மஞ்சளப் பாத்ததும் முகமே மாறிடுச்சு. மாத்துறது பெரிய வேலையில்ல. குழாய வெட்டி, ரெண்டு வளைவு போட்டு, தோட்டத்துப் பக்கமோ மழைக் கால்வாய்ப் பக்கமோ திருப்பி விடணும். சாமானுக்குச் சில நூறு ரூபாய், கூலி வேணாம்னு தோன்தோன் சொல்லிட்டாரு.

ஞாயித்துக்கிழமை காலைல மொத வீடா அந்த வயசான அம்மாவுக்கு வால்வு பூட்டுறோம், அதுக்கப்புறம் குழாய் வெட்டுற வேலை. எங்க தெருக்காரங்க இதப் பாத்தீங்கன்னா ஆளுக்கொரு ரம்பமோ மம்முட்டியோ எடுத்துட்டு வாங்க, மத்தியானச் சாப்பாடு எங்க வீட்டுல. கேட்டச் சாத்துன வீட்டுக்கு நானும் அக்காவும் சனிக்கிழமை சாயங்காலம் மறுபடி போறோம்.