கட்டிகள் கரையவில்லை, ஆனாலும் கண் பிழைத்தது

எல்லோருக்கும் வணக்கம். நேராக ஒரு பழ ஈயின் கண்ணுக்கே போய்விடலாம். 700-க்கும் மேற்பட்ட குட்டிக் கண்கள் வரிசை பிசகாமல் சேர்ந்த, நல்ல சிவப்புக் கண் அது. 1999-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நான்சி போனினியின் குழு, மனிதர்களைத் தள்ளாட வைக்கும் ஒரு நரம்பு நோயின் புரதத்தை அந்தக் கண்ணில் சுரக்க வைத்தது. குளூட்டமின் என்ற அமினோ அமிலம் அளவுக்கு மீறித் தொடர்ந்து வரும் புரதம் அது. சிவப்பு வெளிறி, கண்ணே சிதைந்துபோனது. அதே புரதத்தோடு, மற்றப் புரதங்கள் மடிய உதவும் 'சாப்பரோன்' வகைப் புரதமான மனிதரின் ஹெச்.எஸ்.பி. 70-ஐயும் சேர்த்துச் சுரக்க வைத்தால், கண் கிட்டத்தட்ட நன்றாகவே இருந்தது!

சாப்பரோன் என்ன செய்கிறது? எந்தப் புரதமும் சரியாக மடிந்தால்தான் தன் வேலையைச் செய்யும். மடியாத நிலையில் தண்ணீரோடு சேராத பகுதிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில் எது கிடைத்தாலும் ஒட்டிக்கொண்டு கட்டியாகும். செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் செலவழித்து, அந்த இடத்தைச் சாப்பரோன் பற்றிக்கொள்ளும், பிறகு விடுவிக்கும், மறுபடி பற்றும். இப்படி மடிவதற்கு அவகாசம் வாங்கித் தரும்.

சரி, ஈயின் கண் பிழைத்ததே, உள்ளே இருந்த புரதக் கட்டிகள் கரைந்தனவா? இல்லை, அப்படியேதான் இருந்தன. இந்தத் துறையில் நான் படித்ததிலேயே இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மைக்ராஸ்கோப்பில் பளிச்சென்று தெரிகிற கட்டியை மட்டுமே குற்றவாளியாக்க முடியாது என்றாகிறதே! இன்னொன்றும் உண்டு. ஹெச்.எஸ்.பி. 70 தன் கூட்டாளிகளோடு சேர்ந்து, அல்சைமர் நோயில் மூளையில் சேரும் டவ் என்ற புரதத்தின் இழைகளைச் சோதனைக் குழாயில் பிரித்துவிடும், ஆனால் அப்படிக் கழன்ற சின்னத் துண்டுகள் வேறு செல்லுக்குள் போனால் அங்கே புதுக் கட்டிக்கு விதையாகின்றன. ஆக, கரைப்பது எப்போதும் நல்லதல்ல.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். சாப்பரோன் சுரப்பைத் தூண்டும் என்று நம்பிய அரிமோக்ளோமால், தசைகளை முடக்கும் ஏ.எல்.எஸ். நோயில் 2021-இல் தோற்றது. அதே மருந்தை 2024-இல் நீமன்-பிக் சி என்ற அரிய நோய்க்கு அமெரிக்கா அனுமதித்தது. ஏ.எல்.எஸ். தோல்வியைப் பார்த்து மொத்த வழியையும் மூடிவிடக் கூடாது என்பேன். நரம்புச் செல் பெரும்பாலும் திரும்பப் பிறப்பதில்லை. அறிகுறி தெரியும்போது பல செல்கள் ஏற்கெனவே போயிருக்கும், அப்புறம் எதை மடித்து என்ன பயன்? ஹன்டிங்டன் என்ற பரம்பரை நரம்பு நோயின் மரபணு 1993-லேயே கிடைத்துவிட்டது, யாருக்கு வரும் என்று அறிகுறிக்குப் பல வருடம் முன்பே ரத்தப் பரிசோதனையில் சொல்ல முடிகிறது. சாப்பரோன் மருந்துகளை, அப்படி முன்பே தெரிந்துகொண்டவர்களிடம், அவர்கள் சம்மதத்தோடு, முதலில் சோதிக்க வேண்டும்.